நாலு மணிக்கு மேல்தான் போர்டிங்

பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்கலாமா என்று யாராவது வாயெடுத்தால் போதும், நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நகைக்கடனுக்காகச் சங்கத்துக்கு வருகிறவர்கள்கூட என்னிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தர் வேலை எனக்கு. வட்டி விகிதத்தை இரண்டே வரியில் சொல்லி முடிப்பேன். திருவண்ணாமலை டேனிஷ் மிஷன் போர்டிங்கைப் பற்றி ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்கு பஸ் போய்விடும். என் மனைவி ஒருநாள் கும்பிட்டே விட்டாள்: "அவ்வளவு ஆசையா இருந்தா நீங்களே போய் மறுபடியும் சேர்ந்துக்கங்க." சேர்த்துக்கொள்வார்களென்றால் நாளைக்கே டிரங்குப் பெட்டியைத் தூக்கிவிடுவேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டுவிடும். போர்டிங் நாலு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். மற்ற பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு எங்களுக்குக் கிடைத்ததே, அந்தச் சாயங்காலமும் ராத்திரியும் விடியற்காலையும், அதுதான் என்னை ஆளாக்கியது. மார்க், இங்கிலீஷ், ஒழுக்கம் என்று நோட்டீஸில் அச்சடிக்கிற சமாச்சாரங்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செங்கத்துக்கு மேற்கே மானாவாரி பூமி எங்களுடையது. அறுவடை முடிந்தால் அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கான்கிரீட் வேலைக்குப் போய்விடுவார்கள். எங்கள் பக்கத்தில் பாதி ஊர் அப்படித்தான். கூடவே கூட்டிப் போகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் அறுந்துபோகும். பாட்டியிடம் விட்டுப் போகிற பிள்ளை மாடு மேய்க்கப் போய்விடும். படிப்பில் மக்காக இருந்து நின்றவர்கள் எங்கள் ஊரில் குறைவு. வருஷத்தில் ஆறு மாசம் உட்கார ஓர் இடம் இல்லாமல் நின்றுபோனவர்கள்தான் அதிகம். வடாற்காட்டிலிருந்து பிரித்து 1989-இல் திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள் இல்லையா, அதற்குச் சில வருஷம் கழித்து, எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளி வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இவன ஆறாவதுக்கு டவுன் மிஷன் ஸ்கூல்ல போட்டுடு. போர்டிங் இருக்குது. நீ நிம்மதியா வேலைக்குப் போவலாம்." பாட்டிக்கு மட்டும் சம்மதமில்லை. "புள்ளைய வேதத்துல சேத்துடுவாங்கடா" என்று மாரியம்மன் கோயில் விபூதியை ஒரு பொட்டலம் கட்டி என் பெட்டிக்குள் வைத்தாள். அந்தப் பொட்டலத்தின் கதை பின்னால் வருகிறது.

இப்போது நாலு மணிக்கு மேலே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை ஒருவன் அடிப்பான். விளையாட்டு. மறுபடி அடிப்பான். தோட்டத்துக்குத் தண்ணீர். மறுபடி, குளியல். அப்புறம் ஜெபம், முதல் ஸ்டடி, சாப்பாடு, ரெண்டாம் ஸ்டடி, படுக்கை. மணி அடிக்கிற வேலை வாரத்துக்கு ஒருவன் என்று மாறி வரும். என் முறை வந்த வாரம், இத்தனை பேரும் நான் அடித்தால்தான் சாப்பிட முடியும் என்கிற நினைப்பில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பதினோரு வயசுப் பையனிடம் கடிகாரத்தை நம்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய படிப்பு தெரியுமா! இன்றைக்கும் சங்கத்தின் கதவு பத்து மணிக்குத் திறக்கிறதென்றால் அது அந்தத் தண்டவாளத்தின் புண்ணியம்.

ஸ்டடிக்கு வருகிறேன். என்னை விட்டால் இதற்கே தனியாக ஒரு புத்தகம் போடுவேன். நீண்ட ஹால். சின்னவர்கள் முன்னால், பெரிய வகுப்பு அண்ணாக்கள் சுவரோரம். பேசக் கூடாது. ஆனால் சந்தேகம் கேட்கலாம். கேட்கிறவன் எழுந்துபோய் அண்ணாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்க வேண்டும். எனக்குப் பின்னம் ஏறவே ஏறாது. மூன்றின் கீழ் எட்டு என்றால் மூன்றா எட்டா என்று முழிப்பேன். ஒன்பதாவது படித்த ஓர் அண்ணா ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். எங்களுக்கு 501 பார் சோப்பை நீளமாக வாங்கி, நூலால் அறுத்துத்தான் பங்கு போடுவார்கள். நூலின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் கட்டி, மறுமுனையைக் கையால் இழுத்து, பாரை எட்டாக அறுத்தார். "இப்ப நீ ஊருக்குப் போய்ட்டு வந்து ரெண்டு பேருக்குச் சோப்பு கடன். உன் பங்கு ஒண்ணு, அவங்களுக்குத் திருப்பித் தர்றது ரெண்டு. எவ்ளோ எடுத்த?" மூணு துண்டு. "எத்தனைல மூணு?" எட்டில். "அவ்ளோதாண்டா." அத்தனை வருஷம் கரும்பலகையில் ஏறாதது அந்த ஈரக் கல்லின் மேல் ஏறிவிட்டது. அவரும் ஒன்றும் கணக்கில் புலி இல்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் தனக்கும் பாதி விளங்கியது என்று பிற்பாடு அவரே சொன்னார். காசு கொடுத்து ட்யூஷன் வைத்தாலும் இப்படி ஒரு வாத்தியார் கிடைப்பாரா? ட்யூஷன் வாத்தியார் ஒரு மணி நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அண்ணா ராத்திரி பக்கத்துப் பாயில் படுத்திருப்பார்.

அடுத்தது பந்தி. தரையில் இரண்டு வரிசை, எதிரெதிரே. பரிமாறுவதும் முறைவைத்துத்தான். சாம்பார் வாளி தூக்குகிறவன் யார், அவன் அப்பா யார், எந்தத் தெரு என்று எவனும் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த வாரம் அவன் கையால் முட்டை வாங்கும்போது சின்னதாகக் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்! ஊரில் எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் இடையே தண்ணீர்ச் சொம்புகூடக் கைமாறாது. அதே ஊர்ப் பையன் ஒருவனும் நானும் போர்டிங்கில் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டோம். லீவுக்கு ஒன்றாகவே பஸ்ஸில் வந்து, ஊர் எல்லையில் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் பிரிவோம். அந்த நடிப்பு எங்கள் இரண்டு பேருக்குமே பத்தாவதோடு அலுத்துப்போனது. இன்று அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான்தான் மொய் நோட்டு எழுதுகிறேன்.

சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். இந்தச் சாப்பாட்டு வரிசை சாதாரண விஷயமே இல்லை. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் தேசபக்தியோடு நடத்திய குருகுலத்தை 1924, 25-இல் உலுக்கியது எது? இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதைக் கையிலெடுத்ததில் தமிழ்நாட்டு அரசியலே திசை மாறிற்று. கிறிஸ்தவர்களுக்குள்ளும் இது லேசில் தீர்ந்துவிடவில்லை. லைப்சிக் மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ் என்கிற ஜெர்மன்காரர், சபைக்குள் சாதியை விட்டுவைக்கிறார்களே என்று கோபித்துக்கொண்டு வெளியேறி, கடலூர் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலை தொடங்கினார். 1860-களில் அவரைத் தன் ஆளாக ஏற்றுக்கொண்டதுதான் டென்மார்க்கின் டேனிஷ் மிஷனரி சங்கம். எங்கள் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்ததும் அதே சங்கம்தான். அதாவது, நாங்கள் உட்கார்ந்த பந்திக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. அது எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது. கூட்டு வாளி எப்போது திரும்பி வரும் என்பதுதான் எங்கள் கவலை.

டேனிஷ் மிஷன் என்றதும் பலர் சீகன்பால்கு காலத்தைச் சொல்கிறார்கள். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, பிள்ளைகளுக்குச் சோறும் உடுப்பும் கொடுத்துப் படிக்கவைத்தவர் அவர். அது டேனிஷ் அரசர் அனுப்பிய மிஷன். எங்களுடையது 1821-இல் டென்மார்க் சபையார் ஆரம்பித்த சங்கம். மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கி நெல்லிக்குப்பம், பண்ருட்டி, திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று வேர்விட்டது. இப்போது அந்தச் சபைக்கு ஆற்காடு லுத்தரன் திருச்சபை என்று பெயர். எங்கள் பக்கத்தில் சுருக்கமாக ஏ.எல்.சி. திருவண்ணாமலையில் ஒரு பகுதிக்கே டி.எம். சாரோன் என்று பெயர் நிலைத்துவிட்டது. டி.எம். என்றால் டேனிஷ் மிஷன். இலக்கியப் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு இந்த முகவரி நன்றாகத் தெரியும். வம்சி புக்ஸ் புத்தகங்களின் முதல் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், அந்தச் சாரோனேதான். அருணாசலேஸ்வரர் கோயில் ஊரில் பைபிள் பெயரோடு ஒரு பகுதி, அங்கிருந்து தமிழ்க் கதைப் புத்தகங்கள்! எனக்கு இதில் ஒரு தனி மிதப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அடக்க முடியவில்லை. திருவண்ணாமலையின் பேரை உலகமெல்லாம் கொண்டுபோன ரமண மகரிஷி 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி இந்த ஊருக்கு வந்தபோது எங்கிருந்து வந்தார்? மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி வகுப்பை விட்டு. பெய்ன் எழுதிய ஆங்கில இலக்கணத்தை மூன்று முறை எழுதும்படி கிடைத்த தண்டனையைப் பாதியில் போட்டுவிட்டு, அண்ணனின் கல்லூரிக் கட்டணப் பணத்தில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் போர்டிங்கில் இருந்தவர் இல்லை, சித்தப்பா வீட்டிலிருந்து போய்வந்தவர். ஆனாலும் பிற்காலத்தில் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்களிடம் அவர் பைபிள் வாசகங்களை எடுத்துச் சொல்லி விளக்கியதை எல்லாரும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆகவே மிஷன் பள்ளிக்கூடத்துக்கும் இந்த மலைக்கும் ஆகாது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இனி என் குரலைப் பற்றி. ஊரில் இருந்தபோது எனக்குக் குரலே கிடையாது. வாத்தியார் பெயர் கேட்டால் சட்டைப் பட்டனைப் பார்த்துச் சொல்கிறவன் நான். போர்டிங்கில் சாயங்கால ஜெபத்தில் வேதபாடம் வாசிப்பதும் முறைவைத்துத்தான். கிறிஸ்தவன், இந்து என்ற பேதமில்லை. வார்டன் ஐயா கடைசி வரிசையில் போய் நின்றுகொள்வார். அவர் காதுக்குக் கேட்கவில்லையென்றால் கையை மட்டும் தூக்குவார், மறுபடி முதலிலிருந்து. அதுவும் அந்தப் பழைய வேதாகமத் தமிழ் இருக்கிறதே, போவர் ஐயர் குழுவின் 1871 மொழிபெயர்ப்பு, மூச்சை எங்கே நிறுத்துவது என்று தெரியாவிட்டால் உங்களை இழுத்துக் கீழே தள்ளிவிடும். ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். வினைமுற்று கடைசியில்தான் காத்திருக்கும். அதுவரை குரல் இறங்கக் கூடாது. தப்பில்லாமல் வாசித்த நாளில் எனக்குக் காய்ச்சல் விட்டதுபோல் இருந்தது. டேனிஷ் மிஷனைச் சேர்ந்த எல்.பி. லார்சன் 1889-இல் இந்தியாவுக்கு வந்து, தமிழில் ஊறி, பின்னால் அந்த வேதாகமத்தைத் திருத்தி எழுதும் பணிக்கே தலைமை ஏற்றார். 1936-இல் அது வெளிவந்தது. படிக்க இன்னும் எளிதுதான். ஆனால் சபைகள் பழசை விடவில்லை. நானும் பழசின் கட்சி. ஒரு பையனுக்கு மூச்சுப் பழக அதைவிட நல்ல உரைநடை கிடையாது. எங்கள் சங்கத்துப் பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கையை இன்று நான் மைக் இல்லாமல்தான் வாசிக்கிறேன். மரத்தடியில் நிற்கிறவர்கள்கூட "கேக்குது, கேக்குது, மெதுவா" என்கிறார்கள்.

பாட்டு. ஐயோ, பாட்டு! காலையில் கீர்த்தனை, சாயங்காலம் ஞானப்பாட்டு. கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வருகிற வழக்கம். ஞானப்பாட்டு ஜெர்மனியிலிருந்து வந்த மெட்டு. ஒரே நாளில் ஒரே பையன் காலையில் ஆதி தாளம் போடுவான், சாயங்காலம் நாலு பாகமாகப் பிரிந்து பாடுவான். ஹார்மோனியம் வாசிக்க உட்கார்ந்த அண்ணா துருத்தியை அழுத்தச் சின்னப் பையன் ஒருவனைத் தேடுவார். நான் எப்போதும் பக்கத்திலேயே நின்றிருப்பேன். அப்படி நின்று நின்றே காது பழகியது. கார்த்திகைத் தீபத் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரக்காரர் ஒரு ராகத்தை எடுத்தார். "இது நம்ம காலை ஜெபத்துப் பாட்டுடா" என்று நாங்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினோம். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "அடப் பசங்களா, ராகம் எல்லாருக்கும் பொதுடா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தீபம் என்றதும் பாட்டியின் விபூதிப் பொட்டலத்துக்கு வரலாம். முதல் நாளே வார்டன் ஐயா பெட்டிச் சோதனையில் அதை எடுத்தார். நான் நடுங்கிப்போனேன். பிரித்துப் பார்த்தார், மடித்தார், "பாட்டி குடுத்ததா? கொட்டாம பத்திரமா வெச்சுக்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் கீழிருந்த கோலிக்குண்டுகளைப் பறிமுதல் செய்தார்! அந்தப் பொட்டலம் நான் பன்னிரண்டாவது முடிக்கிற வரை பெட்டியில் கிடந்தது. ஜெபத்துக்கு வர வேண்டும், பாட வேண்டும், வேதபாடம் ஒப்பிக்க வேண்டும், இதெல்லாம் கட்டாயம். எல்லாவற்றையும் செய்தேன். மனசார ரசித்தும் செய்தேன். ஆனால் நீ என்னவாக வேண்டும் என்று என்னை யாரும் நெருக்கவில்லை. எல்லா இடமும் இப்படி என்று சத்தியம் செய்ய மாட்டேன். நான் வளர்ந்த இடத்தைத்தான் சொல்கிறேன். தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலை உச்சியில் மகாதீபம் ஏற்றும்போது, போர்டிங் மொட்டை மாடியில் கிறிஸ்தவப் பிள்ளைகளும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். பதினோரு நாள் அது எரியும். சில வருஷம் தீபம் டிசம்பரில் வந்துவிடும். அப்போது கேரல்ஸ் ஒத்திகை கீழே நடக்கும், மேலே தீபம் எரியும். நானே ஒரு கிறிஸ்துமஸுக்கு நாடகத்தில் ஞானியாக நடித்தேன். தலைப்பாகை பாட்டியின் பழைய சுங்குடிச் சேலை. அவளே கொண்டுவந்து கொடுத்து, முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, "எம் பேரன்தான் ராசா" என்று பக்கத்திலிருந்த பாஸ்டர் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். வேதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று பயந்த அதே பாட்டி!

டிசம்பரில் இன்னொரு வேலை, டென்மார்க்குக்குக் கடிதம். எங்களில் பலருக்கு அங்கிருந்து யாரோ ஒரு குடும்பம் பணம் கட்டிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் அந்த நாடு என்று பூகோள வாத்தியார் வரைபடத்தில் காட்டியபோது எங்களால் நம்ப முடியவில்லை. அவ்வளவு சின்ன இடத்திலிருந்தா இத்தனை பேருக்குச் சோறு? நாங்கள் தமிழில் எழுதுவோம், ஐயா இங்கிலீஷில் மாற்றுவார். "நலம், நலமறிய ஆவல்" என்பதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் முதல் வருஷம் திணறினேன். "உங்க ஊர் ஏரியில தண்ணி இருக்குதா, அத எழுது" என்றார் ஐயா. ஏரியை எழுதினேன். மறுவருஷம் அங்கிருந்து வந்த கார்டில் பனி மூடிய ஒரு வீட்டின் படம், கீழே ஒரு கேள்வி: ஏரி நிரம்பியதா? முன்பின் பார்த்திராத ஒருவர் எங்கள் ஊர் ஏரியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்! நான் இன்று இதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பதே அந்த ஒரு வரி கொடுத்த தைரியத்தில்தான்.

என் மகளுக்கும் இதெல்லாம் கிடைக்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. பெண் பிள்ளையை விட மாட்டேன் என்கிறாள் மனைவி. அவளிடம் நான் எடுத்துவிடாத சரித்திரம் இல்லை. யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் பள்ளியை அமெரிக்க மிஷனார் 1824-இல் உறைவிடப் பள்ளியாகத் தொடங்கியபோது, ஆசியாவிலேயே பெண்களுக்கு அப்படியோர் இடம் அபூர்வம். பெண்ணைப் படிக்கவைத்தால் யார் கட்டுவார்கள் என்று கேட்ட பெற்றோரிடம், படிப்பை முடிக்கிற பெண்ணுக்குச் சீதனம் நாங்களே தருகிறோம் என்று பள்ளிக்கூடமே முன்வந்ததாம். அதே மிஷன் 1823-இல் வட்டுக்கோட்டையில் பையன்களுக்குத் தொடங்கிய செமினரியில் தங்கிப் படித்தவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். கிறிஸ்தவப் போர்டிங்கில் உண்டு உறங்கிப் படித்த அந்த மனிதர்தான் கலித்தொகையை 1887-இல் அச்சில் ஏற்றினார், தொல்காப்பியத்துக்காக ஏடு ஏடாக அலைந்தார்.

நம் பக்கத்திலேயே இன்னும் ருசியான கதை ஒன்று உண்டு. டேனிஷ் மிஷனில் வேலை பார்த்த ஆன் மேரி பீட்டர்சனும் எஸ்தர் ஃபேரிங்கும் 1917-இல் அகமதாபாத்துக்குப் போய்க் காந்தியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு இருவராலும் பழையபடி இருக்க முடியவில்லை. பீட்டர்சன் மிஷனைவிட்டே விலகி, கதர் உடுத்தி, பரங்கிப்பேட்டையில் சேவாமந்திர் என்று பெண்களுக்கான தேசியப் பள்ளியைத் தொடங்கினார். 1921-இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. டென்மார்க்காரி நடத்தும் கிறிஸ்தவப் பள்ளிக்கு, வெள்ளைக்காரன் பள்ளியை விட்டு வெளியே வா என்று நாடெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் வந்து கல் வைக்கிறார்! ராட்டை சுற்றிய போர்டிங் அது. இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் மனைவி கொஞ்சம் இளகுகிறாள். "பரங்கிப்பேட்டை ரொம்ப தூரம்" என்கிற அளவுக்கு வந்திருக்கிறாள். நல்ல சகுனம்.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இல்லாமல் என்ன? முதல் மாதம் ராத்திரி விளக்கணைத்ததும் ஹால் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். ஒருவனுக்குச் சிரங்கு வந்தால் வரிசையாக எல்லாருக்கும் வரும். உப்புமா என்ற பெயரில் தட்டில் விழுந்தது எதுவென்று எங்களுக்கு இன்றுவரை விவாதம். பெல்ட்டைக் கழற்றினால்தான் பிள்ளை படிப்பான் என்று நம்பிய ஆட்கள் அந்தக் காலத்தில் எல்லா ஊர் விடுதிகளிலும் இருந்தார்கள். அதை 'அன்பான கண்டிப்பு' என்று பழைய மாணவர்கள் சிலர் இன்று மெழுகுகிறார்கள், எனக்குச் சம்மதமில்லை. என்னை வளர்த்தது கடைசி வரிசையில் தூக்கிய கை, பிரம்பு இல்லை.

ஆகவே சேர்ப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். விசிட்டர்ஸ் டே அன்று போகாதீர்கள். அன்றைக்கு எல்லா இடத்திலும் கறிக்குழம்புதான். சாதாரணச் செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குப் போய், சமையல்கட்டையும் கழிப்பறையையும் பாருங்கள். இந்த இரண்டும் சுத்தமாக இருந்தால் ஆபீஸ் ரூம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. விடுதிகளுக்கான 2014-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டப்படி உரிமம் எடுத்திருக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். 1098 எண் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதியிருக்கிறதா, நினைத்தபோது வீட்டுக்குப் பேச முடியுமா என்று பாருங்கள். கடைசியாக, சாயங்காலம் ஸ்டடி நேரத்தில் வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். ஒரு சின்னப் பையன் எழுந்துபோய்ப் பெரிய பையன் பக்கத்தில் உட்கார்ந்தானென்றால், அன்றைக்கே பணத்தைக் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.

அப்புறம், முதல் தடவை பார்க்கப் போகும்போது மல்லாட்டை உருண்டை கொஞ்சம் தாராளமாகவே பிடித்துக்கொண்டு போங்கள். தூக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உங்கள் பிள்ளைக்கு இரண்டுதான் மிஞ்சும்.